பெஞ்சுல அடிச்ச சாரல்

தொட்டிக்குள்ள எறங்குன பெறவுதான் கொம்பையாவுக்கு வெளங்குச்சு, ஒரு மனுசன் தன்னோட தனியா மாட்டிக்கிடுததுக்கு இதவிட மோசமான எடம் கெடையாதுன்னு. மொட்டமாடி ஓரத்துல, முன்வாசலுக்கு நேர் மேல நிக்கிற கருப்பு பிளாஸ்டிக் தொட்டி. மூடியத் தொறந்த வாய் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குள்ள தோச மாதிரி ஒரு துண்டு வானம். கீழ கணுக்காலு முங்குற அளவுக்குக் கலங்கத் தண்ணி. நடுவுல கொம்பையா, அரை டிரவுசரும் ஓட்டப் பனியனுமா, ஒரு கையில தேங்கா நாரு, இன்னொரு கையில பிளாஸ்டிக் கோப்பை. இவன் இருமுனா தொட்டி திருப்பி இருமுது. இவன் ‘சவத்த’ன்னா அதுவும் ‘சவத்த’ங்குது. டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்த காலம் பூரா ‘உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்குல்லா, உள்ள என்ன பேயா இருக்கு’ன்னு ஊர்ச்சனத்த அமுக்குன வாய் இது. இப்ப உள்ள போனது அவன். உள்ள பேய் இருக்கத்தான் செஞ்சுது. அதுவும் அவனேதான். தேய்டே, வாய மூடிக்கிட்டு தேய். செவுத்துல பாசி பிடிச்சிருக்க அழகப் பாரு, ஒரு ஆட்ட அவுத்து விட்டா ஒரு நேரம் மேஞ்சிரும். இந்தத் தண்ணியவா இத்தன நாளு தாமிரவரணி தாமிரவரணின்னு பீத்திக்கிட்டுக் குடிச்சோம். வெந்த பிளாஸ்டிக் வாடையும் பாசி வாடையும் சேந்து மூக்குக்குள்ள ஏறுது. வாடைன்னு நெனச்ச ஒடனே நேத்து ஜெபராஜ் கைய மோந்து பாத்தது ஞாவகத்துக்கு வந்துட்டு. வேண்டாம். அங்கன போவாத. தேய். நேத்து நடந்தத நேத்தோட விட்டுரணும். விட்டாச்சு. விட்டாச்சா? விட்டது யாரு, பிடிச்சது யாரு.

“ஏங்க, வால்வ அடச்சிட்டுத்தான எறங்குனிய?” கீழ இருந்து செண்பகவல்லி கொரலு.

“ஆமா, இவ பெரிய எஞ்சினியரு. தெருவுக்கே வாசர் மாத்துதவன்ட்ட வந்து வால்வப் பத்திக் கேக்கா.”

“கேட்டா அடச்சேன்னு சொல்லணும், அடைக்கலன்னா அடைக்கலன்னு சொல்லணும். தெருக்கதை எதுக்கு?”

அவ அப்பிடித்தான். கெவருமெண்டு ஆசுபத்திரியில வார்டு ஆயாவா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டரம்மாவே அவள்ட்ட பாத்துத்தான் பேசுவாவளாம். ரிட்டயர் ஆன பெறவு ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாவ. சனிக்கெழம சாயங்காலம் அவனுக்கு, பூப்பந்து. ஞாயித்துக்கெழம காலம்பற அவளுக்கு, வீட்டு வேல. கதவுக்கு எண்ணெய் விடுதது, செவுத்து வெடிப்புக்கு சிமிட்டி அப்புதது, ஒழுகுற கொழாய்க்கு வாசர் போடுதது. இதுல வாசர் வேலையில கொம்பையா கை பேரெடுத்துப் போச்சு. எந்த வீட்டுல ஒழுக்குன்னாலும் ‘கொம்பையாவக் கூப்புடு’தான். காசு வாங்க மாட்டான், அதுக்குப் பதிலா அந்த வீட்டு ஆம்பளைய ஒரு பாடு கேலி பண்ணிட்டு வருவான். ‘கொழாய இப்பிடித் திருகுனா அது அழத்தான செய்யும், பொண்டாட்டியத் திருகுத கையாலயா கொழாயத் திருகுவாவ’ம்பான். சிரிப்பாவ. ஊரு ஒழுக்கையெல்லாம் அடைச்சான் கொம்பையா. அவன் ஒழுக்குக்கு மாத்த எந்தக் கடையில வாசர் இருக்கு? பங்குனியில ஆரம்பிச்சுது. மொதல்ல இருமும்போது ஒரு சொட்டு. பெறவு சிரிக்கும்போது. சிரிக்கும்போதுன்னா பாத்துக்கிடுங்க, அவன் பொழப்பே சிரிப்புதான். அடுத்தவன சிரிக்க வச்சிட்டு தான் மட்டும் மொகத்த இறுக்கிக்கிட்டு நிக்கக் கத்துக்கிட்டான். ‘கொம்பையா ஜோக்கு சொன்னா சிரிக்கவே மாட்டாம்டே, அதாக்கும் தெறம’ன்னாவ கிரவுண்டுல. தெறமையாம். சனிக்கெழம மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்கது இல்ல, நாக்கு செருப்புத் தோலு மாதிரிக் கெடக்கும். கருநீல டிரவுசர் மட்டும் போடுவான். ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு, டீமுக்குப் புதுசா யூனிபாரம் தச்சுக் குடுத்த புண்ணியவான் எளஞ்சாம்பல் கலர எடுத்துட்டு வராத வரைக்கும்.

தேய்டே. மூலையில இன்னும் இருக்கு. வட்டத் தொட்டியில ஏது மூலை? அது சரி, ஒளிஞ்சிக்கிட ஒரு மூலைகூட இல்லாம ஒரு சாமான் செஞ்சிருக்கான் பாரு. எங்கன திரும்புனாலும் நேத்து சாயங்காலத்துல போயில்லா முட்டுது. பந்து மேல வந்துச்சு, மஞ்சக் கம்பளிப் பந்து, வெயில்ல எலுமிச்சம்பழம் மாதிரி. அதப் பாத்தா கொம்பையாவுக்கு வயசு மறந்துரும். நடு ஆளு அவன்தான். பின்னால ஆவுடையப்பன் அண்ணாச்சி, ‘விட்ருடே, நா எடுக்கேன்’னாவ. எடுத்திருப்பாவ. அவுக எடுக்காத பந்து உண்டா? கரண்டு ஆபீசுல போஸ்டு ஏறுன ஒடம்பு, இந்த வயசுலயும் கால் தரையில பாவாது. இவன்தான் கேக்காம எம்பி அடிச்சான். அடி விழுந்துச்சு, பாயிண்டு வந்துச்சு, ஓரத்துல நாற்காலியில இருந்த செண்பகவல்லி பாயிண்டச் சொன்னா. அவ சொன்னா எதிர் டீமும் ஒத்துக்கிடும், புருசன் டீமுன்னு ஒரு பாயிண்டு கூடச் சொல்ல மாட்டா. எம்பி எறங்கும்போதே உள்ள என்னமோ அவுந்த மாதிரி இருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சிக்கிட்டான். ஆட்டம் முடிஞ்சி சிமிட்டி பெஞ்சுல அண்ணாச்சி பக்கத்துல உக்காந்தப்பதான், கேட்டுக் கேள்வி இல்லாம, பிள்ள தூக்கத்துல போவும்லா அந்த மாதிரி, சூடா. ஒரு நிமிசம் சொகமாக்கூட இருந்துச்சு சவத்துக்கு. பெறவு எந்திரிச்சான், கோர்ட்டு நடுவுல போயி நின்னான், பாட்டில்த் தண்ணிய தலை வழியா ஊத்திக்கிட்டான். ‘வெக்க தாங்கலடே, எனக்கு நானே அபிசேகம்’ன்னான். சிரிச்சாவ. தப்பிச்சோம்னு நெனச்சான். அப்பதான் பேங்குல வேல பாத்த ஜெபராஜ் அந்த பெஞ்சுல கைய ஊனிட்டு, “சீ, என்னவே இது, நனைஞ்சி கெடக்கு”ன்னான். கைய மோந்து பாத்தான். எல்லாரும் பெஞ்சப் பாத்தாவ. பெஞ்சுல அண்ணாச்சி மட்டும் இருந்தாவ.

அப்ப வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா. சும்மா இருந்திருந்தா, அது யாரோ என்னமோன்னு போயிருக்கும். நாக்குக்கு எலும்பு இல்லேன்னா மூளையுமா இருக்காது? கொம்பையா வாய் அவனக் கேட்டுக்கிட்டா தொறக்குது, அது பஸ்சு கதவு மாதிரி, யாரு இழுத்தாலும் தொறக்கும். “அது ஒண்ணுமில்லடே ஜெபராசு. நம்ம ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுல குத்தாலம் சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா. சாரல் பெஞ்சு வரைக்கும் அடிக்கி.” கோர்ட்டே வெடிச்சிட்டு. ஜெபராஜ் வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான். சோலி முடிஞ்சிது. அண்ணாச்சிக்கு சீனி உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆட்டத்துக்கு நடுவுல செவுத்துப் பக்கம் ஒதுங்குவாவன்னும் தெரியும், அப்ப வேற யாரு? அதுகூடப் பரவால்ல. அண்ணாச்சி ஒரு வார்த்த ஏசியிருந்தா, ‘வெறுவாக்கலங்கெட்ட மூதி’ன்னு பேட்டத் தூக்கி எறிஞ்சிருந்தா, அது நல்ல சாவு. அவுக என்ன செஞ்சாவன்னா, மெதுவா எந்திரிச்சாவ. கைய பின்னால கொண்டு போயி டிரவுசரத் தொட்டுப் பாத்தாவ. அது பெஞ்சுல உக்காந்த ஈரம். அவுகளுக்கு அது தெரியல. திரும்பித் திரும்பித் தொட்டுப் பாத்தாவ. மொகத்துல ஒரு கொழப்பம், ஒரு பயம். “ஆமா டே, தெரியாம போயிருக்கும் போலுக்கு. மன்னிச்சிக்கிடுங்க”ன்னாவ. தோள்ல கெடந்த துண்ட எடுத்து, குனிஞ்சி, பெஞ்சத் தொடச்சாவ. கொம்பையாவோடத. ஒரு சொட்டு விடாம. கொம்பையா பாத்துக்கிட்டு நின்னான். பெறவு யாரோ, “சாரல் அண்ணாச்சி, அடுத்த ஆட்டத்துக்கு வாரியளா”ன்னான். அண்ணாச்சி சிரிச்ச மாதிரி ஒண்ணு செஞ்சிட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாவ. துண்டு சைக்கிள் கேரியர்ல தொங்குச்சு.

ஒருத்தி மட்டும் சிரிக்கல. அத அவன் அப்பவே பாத்துட்டான். அடுத்த ஆட்டத்துக்கு செண்பகவல்லி பாயிண்டச் சொன்ன கொரலு தபால் ஆபீசுல டோக்கன் கூப்புடுத கொரலு மாதிரி இருந்துச்சு. வண்டியில பின்னால உக்காந்து வரும்போது எப்பவும் அவன் தோள்ல கை போடுதவ, நேத்து கேரியர் கம்பியப் பிடிச்சிக்கிட்டு வந்தா. “என்னளா, வாய்ல கொழுக்கட்டையா”ன்னான். “ரோட்டப் பாத்து ஓட்டுங்க”ன்னா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து டிரவுசர அவனே அலசிக் காயப்போட்டான். இத்தன வருசத்துல அவன் துணிய அவன் அலசுனதே கெடையாது. அவ பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. கேக்காதது நல்லதா கெட்டதா? வார்டுல எத்தன பேரோட அழுக்கத் தொடச்ச கை அது, எத்தன வாடையப் பாத்த மூக்கு. தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சா என்ன சொல்லுவா? அந்தப் பைதான் பயம். ஒரு தடவ அவளுக்கு சாப்பாடு குடுக்கப் போனப்ப வார்டுல பாத்தான், மீசக்காரர் ஒருத்தர், சண்டியர் மாதிரி ஆளு, கட்டிலு ஓரத்துல மஞ்சத் தண்ணிப் பை ஒண்ணு தொங்குது, அவரு செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தாரு. அந்தப் பையோட பூப்பந்து ஆட முடியுமா? இடுப்புல கட்டிக்கிட்டு எம்பலாமோ. கண்டக்டர் பை ஒரு பக்கம் தொங்குன தோள்ல இன்னொரு பை, அதுல சில்லறை, இதுல... சீ. பஸ்சுன்ன ஒடனே அந்தப் பெரியவரு வந்துட்டாரு. இவரு ஏன் இப்ப வாராரு? வண்ணாரப்பேட்ட தாண்டி, பஸ்சு நெறஞ்ச கூட்டம், ‘கண்டக்டர் தம்பி, செத்த நிப்பாட்டச் சொல்லேன், அவசரம்’னாரு காதுக்குள்ள, ரகசியமா. இவன் விசில ஊதிட்டு பஸ்சு பூராக் கேக்க, ‘தாத்தாவுக்கு ஸ்பெசல் ஸ்டாப்பிங், ஆத்துல தண்ணி கொறஞ்சி போச்சாம், ஊத்தப் போறாவ’ன்னான். பஸ்சு சிரிச்சுது. பெரியவரு எறங்குனாரு, வேட்டியக் கையில பிடிச்சிக்கிட்டு, திரும்பி ஏறல. ‘போலாம் ரைட்’ன்னுட்டான். கண்ணாடியில பாத்தப்ப ரோட்டு ஓரத்துல சின்னதா நின்னாரு. இத்தன நாளும் அது ஒரு நல்ல ஜோக்குன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தான். சொல்லுத எடத்துலயெல்லாம் சிரிச்சாவளே. இப்ப தொட்டிக்குள்ள நின்னு சொல்லிப் பாத்தா தொட்டி சிரிக்கல. அது திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்.

வெளிய கேட்டு கிரீச்சுன்னுச்சு. அந்தக் கேட்டுக்கு எண்ணெய் விடணும்னு போன வாரமே அவ சொன்னா. “தாயி, கொம்பையா இருக்கானா?” சைக்கிள் ஸ்டாண்டு போடுத சத்தம். கொம்பையாவுக்கு தேங்கா நாரு கையில இருந்து நழுவித் தண்ணிக்குள்ள விழுந்துச்சு. ஆவுடையப்பன் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமையில இந்த ஆளு ஏன் வாராவ, எதுக்கு வாராவ, கேக்க வந்துட்டாவளோ? கேக்கட்டும், அடிக்கட்டும், அடிச்சா வாங்கிக்கிடலாம். “வாங்க அண்ணாச்சி. அவுக தொட்டிக்குள்ள நிக்காவ. ஏங்க, அண்ணாச்சி வந்திருக்காவ, எறங்கி வாங்க.” கொம்பையா கோப்பைய செவுத்துல தட்டுனான், பெரிய வேல நடக்குத மாதிரி. “இந்தா, ஒரு பக்கம் அப்பிடியே கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்.” தொட்டி அதத் திருப்பி அவன் காதுக்குள்ளயே ஊதுச்சு, வாரேன், வாரேன். யாரு வாரா? “மெதுவா வரட்டும்மா. பாசி வழுக்கும், அவசரப்படச் சொல்லாத”ன்னாவ அண்ணாச்சி. வழுக்குமாம். இந்த மனுசனுக்கு என்ன ரத்தம்தான் ஓடுதோ.

கீழ பேசுனது ஒவ்வொண்ணும் வட்டத்து வழியா உள்ள எறங்குச்சு. என்னமோ ஒண்ண தரையில வைக்க சத்தம். “இத அவன்ட்ட குடுத்துரு தாயி. பேட்டும் முட்டிக்கால் பட்டையும். நல்ல நரம்பு, இந்த வருசந்தான் கட்டுனேன். யாராவது எளசுக்குக் குடுக்கச் சொல்லு.”

“ஏன் அண்ணாச்சி? நீங்க ஆடலையா?”

“இனி வரல.”

“நேத்து இதுகளு பல்லக் காட்டுனதுக்கா? அதுகளுக்கு வேற சோலி என்ன.”

“அவனுவள ஒண்ணும் சொல்லல தாயி. கொம்பையா வெளையாட்டுக்குச் சொன்னான், அவன் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா எனக்கே தெரியாமப் போயிருக்கு பாத்தியா. அதான் பயமா இருக்கு. தெரிஞ்சி போனா ஒதுங்கிக்கிடலாம், தெரியாமப் போனா எங்கன ஒதுங்க?” செருப்பு தரையில ஒரசுத சத்தம். “கிரவுண்டுல இருந்து யாரோ மகன்ட்ட சொல்லிட்டாவ. அவன் ராத்திரியே கடைக்குப் போயி பெரிய ஆளுவளுக்குக் கட்டுத டயப்பர வாங்கிட்டு வந்துட்டான். மருமவப் பிள்ள முன்னால வச்சிக் குடுத்தான். கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். சைக்கிள் மிதிக்க முடியல, உருட்டிக்கிட்டுதான் வந்தேன்.”

கொம்பையா தொட்டிச் செவுத்துல முதுக ஒட்டி நின்னான். உருட்டிக்கிட்டு. மார்க்கெட்டுத் தாண்டி, பாலம் தாண்டி, அந்த வெயில்ல, கால அகட்டி வச்சி, தனக்கு வேண்டாத ஒண்ணக் கட்டிக்கிட்டு. கட்ட வேண்டியவன் இங்கன நிக்கான். ஒரு சிரிப்பு வந்துச்சு அவனுக்கு, அதுதான் கொடுமை, அண்ணாச்சி கால அகட்டி நடக்கத நெனச்சா சிரிப்பு வருது, அடுத்த சனிக்கெழமைக்கு ஒரு ஜோக்கு தானா உருண்டு நாக்கு நுனிக்கு வந்து நிக்குது, ‘அண்ணாச்சி காலுக்கு நடுவுல தலவாணி வச்சிக்கிட்டு’ன்னு. துப்பணும். நாக்கப் பிடுங்கி இந்தத் தண்ணியில அலசணும். “அண்ணாச்சி”ன்னா செண்பகவல்லி. கொரலு ஒசந்துச்சு, பக்கத்துல நிக்கவனுக்குத் தேவையில்லாத ஒசரம். “வார்டுலயே முடி நரச்சவ சொல்லுதேன். ஒங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அந்தக் கண்ராவிய அவுத்து எறிங்க.” அண்ணாச்சி, “நீ நல்ல மனசுல சொல்லுத தாயி”ன்னாவ. “மனசுலயும் சொல்லல, மயித்துலயும் சொல்லல. கண்ணால பாத்ததச் சொல்லுதேன். இருங்க, காப்பி போடுதேன். அதுக்குள்ள அவுக எறங்கி வருவாவ. வந்து, சொல்ல வேண்டியது என்னமும் இருந்தா சொல்லுவாவ.” சமையக்கட்டுக்குள்ள ஏனம் உருளுத சத்தம். தெரியும். அவளுக்குத் தெரியும். கண்ணால பாத்ததுங்கா. நாற்காலியில உக்காந்து பந்தப் பாக்காம இவன் டிரவுசரப் பாத்திருக்கா. இல்ல, பங்குனியில இருந்தே பாத்துக்கிட்டுத்தான் இருக்காளோ? அப்ப வீட்டுல வாங்கி வச்ச புது பெட்சீட்டு, ‘மெத்தைக்கு அடியில போட ரப்பர் சீட்டு ஒண்ணு வாங்குவோமா, மூட்டப்பூச்சி’ன்னாளே, மூட்டப்பூச்சியா அது.

அப்ப வந்துட்டு. நெனச்சிப் பாக்க நேரம் குடுக்கல. பயத்துல வந்துச்சா, வெக்கத்துல வந்துச்சா, தெரியல. தொடை வழியா, காலு வழியா, சூடா எறங்கி கலங்கத் தண்ணியில கலந்துட்டு. கொம்பையா ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சான், பிடிச்சா நிக்கதா அது. நல்ல வேள, ஒருத்தரும் பாக்கல. மொதல்ல வந்த நெனப்பு அதுதான். இந்தத் தண்ணிய அள்ளி ஊத்திட்டு இன்னும் ஒரு தடவ பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டா தீந்துச்சு, பிளீச்சிங் பவுடரு காயிதத்துல பொட்டலமா மாடியில இருக்கு, வால்வத்தான் அடச்சாச்சே. அடச்சாச்சா? கையில வால்வு திருகுன ஞாவகம் இல்ல. ஏணியப் பிடிச்சது ஞாவகம் இருக்கு, ஸ்டூல உள்ள எறக்குனது ஞாவகம் இருக்கு, வால்வு பக்கத்துல குனிஞ்சப்ப டிரவுசர் இறுக்குச்சு, குனிஞ்சா சொட்டுமேன்னு பயந்து நிமுந்தது ஞாவகம் இருக்கு. பாத்தான். காலுக்கடியில, கொழாய் எறங்குத ஓட்ட பக்கம், தேங்கா நாரு ஒரு துணுக்கு மெதுவா சுத்திச் சுத்தி அந்த ஓட்டையப் பாத்துப் போச்சு. அடைக்கல. வழி தொறந்தே கெடக்கு. எவனாவது கீழ ஒரு கொழாயத் தொறந்தா போதும்.

“என்னா வெயிலு”ன்னு தனக்குத்தானே சொன்னாவ அண்ணாச்சி. செருப்புச் சத்தம் முன்வாசல்ல நடந்துச்சு. எங்கன போறாவ? வலது பக்கம். வலது பக்கம் செம்பருத்திச் செடி இருக்கு, செம்பருத்தி மூட்டுல முத்தத்துக் கொழாய் இருக்கு. கொம்பையா போட்ட கொழாய், கொம்பையா போட்ட வாசர், ஒரு சொட்டு ஒழுகாது, தொட்டா கொட்டும். அண்ணாச்சி எந்த வீட்டுக்குப் போனாலும் சொம்பு கேக்க மாட்டாவ, கொழாயில கை ஏந்திக் குடிப்பாவ, ‘நம்ம ஆத்துத் தண்ணிக்கு ஏனம் என்னத்துக்கு’ம்பாவ. இவன் எத்தன தடவ பாத்திருக்கான். கலங்கலா வந்தா துப்பிருவாவளோ? முதல் மடக்கு போயிருமே. கண்ணு வேற அவுகளுக்கு சுமாரு. செண்பகவல்லி சமையக்கட்டுல மிக்சிய ஓட விட்டுட்டா. அவளுக்குக் கேக்காது. கேக்குதது இவனுக்கு மட்டுந்தான். பேசாம இருந்தா என்ன? ஒரு மடக்குல மனுசன் செத்தா போவான், வார்டுல என்னென்னமோ குடிக்கான், மருந்துன்னு சொல்லி இதையே குடிக்கவனும் இருக்கான், ஒருத்தருக்கும் தெரியாது. நேத்து தொடச்சாவ, இன்னைக்குக் குடிச்சிட்டுப் போறாவ. இத அவன் நெனச்சான். நெனச்சது அவன்தான், வேற யாரும் இல்ல. தொட்டிக்குள்ள வேற யாரு இருக்கா? கீழ கொழாய் திருகுத சத்தம் கேட்டுச்சு.

“அண்ணாச்சி, குடிக்காதிய.”

தொட்டி அதிர்ந்துச்சு. அந்தக் கொரலு எங்கேருந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. பஸ்சுக்கு அடியில ஆளு விழுந்தா டிரைவருக்குக் குடுக்க கொரலு அது. கீழ தண்ணி சிமிட்டித் தரையில விழுத சத்தம் மட்டும். பெறவு அதுவும் நின்னுச்சு. மிக்சியும் நின்னுச்சு. “ஏம்டே?” மேல பாத்துக் கேட்டாவ அண்ணாச்சி. “பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கியா?”

பாருங்க. இதுதான் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பொய்ய அவுகளே செஞ்சி, வாழையெலையில வச்சி, தண்ணி தெளிச்சிக் குடுக்காவ. ஆமான்னு ஒரு சொல்லு போதும். அதுல பாதி நெசங்கூட, பவுடரு மாடியிலதான இருக்கு. ஆமா அண்ணாச்சி, போட்டிருக்கேன், குடிச்சிராதிய, வாயி வெந்துரும்னா, ‘நல்ல வேள சொன்னடே’ன்னு காப்பியக் குடிச்சிட்டு, கேட்டத் தொறந்து, சைக்கிள உருட்டிக்கிட்டுப் போயிருவாவ. பாலம் தாண்டி, மார்க்கெட்டுத் தாண்டி, கால அகட்டி வச்சி. சாவுத வரைக்கும் அதக் கட்டிக்கிட்டு இருப்பாவ. கொம்பையா வாயத் தொறந்தான். ஆ வரைக்கும் வந்துச்சு. வாழ்நாள்ல மொத தடவையா அந்த வாயிக்கு அடுத்த எழுத்து கெடைக்கல. கண்ணாடியில சின்னதா நின்ன பெரியவரு வேட்டியக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்காரு. விசில் கையில இருக்கு. நிப்பாட்டணும்னா இப்ப ஊதணும்.

“இல்ல அண்ணாச்சி”ன்னான். “சாரல்.”



“எனக்குத்தான் அண்ணாச்சி. இப்ப அடிச்சதும் எஞ்சாரல்தான். நேத்து பெஞ்சுல அடிச்சதும் எஞ்சாரல்தான். நீங்க தொடச்சிய. நா பாத்துக்கிட்டு நின்னேன்.”

நின்னேன், நின்னேன், நின்னேன்னு தொட்டி சொல்லிச்சொல்லி ஓஞ்சுது. வாசக் கேட்டு கிரீச்சுங்கும்னு கொம்பையா காத்துக்கிட்டு நின்னான். போவட்டும், அதுதான் ஞாயம். செண்பகவல்லிதான் மொதல்ல பேசுனா, சமையக்கட்டு சன்னல்ல இருந்து, காப்பில சீனி போடவா வேண்டாமான்னு கேக்க கொரலுல. “அந்த டிரவுசர அங்கனயே கழத்திப் போடுங்க. கைலி கொண்டாரேன். நாளைக்கு நா வேல பாத்த எடத்துக்கு ரெண்டு பேரும் போறோம். டாக்டர்ட்ட நானே சொல்லுதேன், நீங்க வாயத் தொறக்க வேண்டாம்.” அதுக்குப் பெறவுதான் மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மெதுவா, ஒரு படி, நின்னு, ஒரு படி. பெறவு நிக்காம. போஸ்டு ஏறுன காலு. ஏணி முனங்குச்சு. வட்டத்து வானம் இருட்டுச்சு, அதுல ஒரு தலை. வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு இருந்ததால மொகம் தெரியல. சிரிக்காவளா, அழுதாவளா, காறித் துப்பப் போறாவளா, ஒண்ணும் தெரியல. கொம்பையா அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னான், கெணத்துல விழுந்த ஆடு மாதிரி. மூச்சு வாங்குனது மட்டும் கேட்டுச்சு.

“இங்கன சொல்லிட்ட”ன்னாவ கடைசியா. “சாயங்காலம் பெஞ்சுல வச்சிச் சொல்லுவியா? ஜெபராச வரச் சொல்லுதேன், அவன் முன்னால. எம்மகனையும் கூட்டிட்டு வாரேன்.”

கொம்பையா தலைய ஆட்டுனான்.

“ஆட்டுனா எனக்கு எப்பிடில தெரியும். இருட்டா இருக்கு.”

“சொல்லுதேன் அண்ணாச்சி.”

தொட்டி அத எடுத்துக்கிட்டு சுத்துச்சு, லுதேன், லுதேன், தேன்னு, அவனுக்குச் சாட்சி மாதிரி. மேல இருந்து என்னமோ ஒண்ணு அவன் மூஞ்சியில வந்து விழுந்துச்சு. எடுத்துப் பாத்தான். துண்டு. நேத்து கேரியர்ல தொங்குன துண்டு, தொவச்சி, நல்லா வெயில்ல காஞ்சி, இன்னும் சூடா இருந்துச்சு.

“தண்ணிய அள்ளி ஊத்திட்டுத் தொடைடே”ன்னாவ அண்ணாச்சி. “மூலையில ஒரு சொட்டு இருக்கப்படாது.”

வட்டத் தொட்டியில ஏது மூலைன்னு கேக்க வாயி வந்துச்சு கொம்பையாவுக்கு. கேக்கல. குனிஞ்சான், தொடச்சான்.